மூன்று திங்கட்கிழமைக் கார்டுகள்: இந்திய கோல்ஃப் யூனியனுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இந்திய கோல்ஃப் யூனியன் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பெங்களூரு மர்ஃபி டவுனிலிருந்து எழுதுகிறேன். நான் கோல்ஃப் ஆடுகிறவன் இல்லை. வண்டி உதிரிபாகம் விற்கும் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். ஆனால் எங்கள் வீட்டில் உலை கொதித்தது கோல்ஃபினால்தான். அப்பா நாற்பத்திரண்டு வருஷம் கேடியாக, அதாவது ஆடுகிறவரின் பேக்கைத் தூக்கிக்கொண்டு கூட நடப்பவராக இருந்தார். நானும் பத்தாவது முடிக்கும்வரை சனி, ஞாயிறு என்றால் பேக் தூக்கப் போய்விடுவேன். இந்த ஆட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆடுகிறவருக்கு நாலடி பின்னால் நின்று பார்த்தது. அந்த இடத்திலிருந்து சில விஷயங்கள் நன்றாகவே தெரியும்.

நான் எழுதுவது உலக அமெச்சூர் அணி சாம்பியன்ஷிப்பைப் பற்றி, அதற்குப் போகும் வரிசையில் கேடி வீட்டுப் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும் என்பதைப் பற்றி. உங்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை. ஆனால் இது திறந்த மடல், எங்கள் தெருக்காரர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக ஒரு பத்தி எழுதிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காசுக்காக ஆடாதவர்கள் நாட்டின் பேரில் அணியாக ஆடும் போட்டி இது. 1958ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில், பழைய மைதானத்தில் தொடங்கியது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஐசன்ஹோவர் பேரில் கோப்பை. அவருக்குக் கோல்ஃப் என்றால் உயிர். போட்டி தொடங்குவதற்கு முன்னால் பிரதிநிதிகளைச் சந்தித்தபோது, நன்றாக ஆடும் நாலு பேரோடு சுமாராக ஆடும் ஓர் ஆளையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போங்கள், அப்போதுதான் ஆட்டம் ரொம்பவும் சீரியஸாகாமல் இருக்கும் என்று சொன்னாராம். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் வருஷமே 29 நாடுகள் வந்தன. ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் ஒரே கணக்கில் முடித்து, தனியாக இன்னொரு ஆட்டம் ஆடி ஆஸ்திரேலியா ஜெயித்தது. பிற்காலத்தில் பெரிய பேர் வாங்கிய ஜாக் நிக்லஸ் 1960ல், இருபது வயதில், நாலு நாள் ஆட்டத்தை 269 அடியில் முடித்தது இந்தப் போட்டியில்தான். கோல்ஃபில் அடி குறையக் குறைய நல்லது. பெண்களுக்கு 1964 முதல் எஸ்பிரிட்டோ சாண்டோ கோப்பை. 2025ல் இரண்டும் சிங்கப்பூரில் நடந்தன. தமிழும் ஆட்சிமொழியாக இருக்கும் ஊர் என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம், அவ்வளவுதான்.

இந்தப் போட்டியில் அப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது அதன் கணக்கு. இப்போது ஒரு நாட்டுக்கு மூன்று பேர், நாலு நாள். தினமும் மூன்று பேரும் பதினெட்டு ஹோல், அதாவது பதினெட்டு குழி ஆடவேண்டும். ஆனால் அன்றைக்கு நன்றாக அடித்த இரண்டு பேரின் கார்டுதான் (அடிகளை எழுதும் அட்டை) அணிக் கணக்கில் ஏறும். மூன்றாவது கார்டு விட்டுப்போகும். பன்னிரண்டு கார்டில் எட்டுக்குத்தான் மதிப்பு. நான் இதைச் சொன்னபோது, மூன்றாவது ஆளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்குமே என்றேன். அப்பா சிரித்தார். "அவன் பின்னாடி இருக்கான்னுதான்டா மத்த ரெண்டு பேரும் தண்ணிக்கு மேல அடிக்கத் துணியறான்" என்றார். பேக் தூக்கிய மனுஷனுக்கு அது உடனே புரிந்துவிட்டது. எனக்கு இரண்டு நாள் ஆயிற்று: இருவரில் ஒருவர் சறுக்கினாலும் அவன் கார்டு கைகொடுக்கும்.

சரி, இனி உங்களுக்கும் எனக்கும் இடையிலான பேச்சு.

அந்த மூன்று பேர் எங்கிருந்து வருகிறார்கள்? நீங்கள் நடத்தும் அமெச்சூர் போட்டிகளில் தொடர்ந்து நன்றாக ஆடுகிறவர்களிலிருந்து. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தப் போட்டிகளுக்குள் நுழையக் கையில் ஒரு ஹேண்டிகேப் நம்பர் வேண்டும். ஒருவர் எவ்வளவு நன்றாக ஆடுவார் என்று காட்டும் எண் அது, ஆட்டம் தேறத் தேறக் குறையும். அந்த நம்பர் கிளப் வழியாக வரும். கிளப்பில் மெம்பர் ஆவதென்பது எங்களைப் போன்றவர்கள் வாய்விட்டுச் சொன்னால் சிரிப்பு வரும் சங்கதி. இந்த ஊர் மைதானங்களில் சிலவற்றில் மகனுக்குப் பதினைந்து வயதில் அவன் அப்பா மனுவில் கையெழுத்துப் போட்டார், மகன் நாற்பது வயதில் மெம்பர் ஆனார் என்பதெல்லாம் பெருமையாகப் பேசப்படும் கதை. ஆக, நாட்டின் மூன்று பேரில் ஒருவராவதற்கான வரிசையின் கடைசியில் நிற்கக்கூட அப்பாவின் மெம்பர்ஷிப் கார்டு தேவைப்படுகிறது.

அமெச்சூர் என்ற சொல்லுக்கு மூலம் ஆசை, நேசம் என்கிறார்கள். காசைப் பார்க்காமல் ஆட்டத்தின் மேலுள்ள ஆசைக்காக ஆடுகிறவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காசைப் பார்க்காமல் ஆட, முதலில் வீட்டில் காசு இருக்கவேண்டும். கேடி வீட்டுப் பையனுக்கு ஆட்டம் கைவந்தால் அவன் என்ன செய்கிறான்? பதினெட்டு, இருபது வயதில் நேரே தொழில்முறைக்குத் தாவுகிறான். அங்கே யார் பிள்ளை என்று கேட்பதில்லை, தகுதிச் சுற்றில் அடித்துக் காட்டினால் போதும். அப்படிப் போய்த்தான் டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991ல் இந்தியன் ஓப்பன் என்ற தொழில்முறைப் போட்டியை ஜெயித்தார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துப் பழகிய ஆட்டத்தில் அது பெரிய விஷயம். எங்கள் பெங்களூருவில் கேடியாக இருந்த சி. முனியப்பா 2009ல் அதே இந்தியன் ஓப்பனை, சமநிலையை உடைக்க ஆடிய கூடுதல் ஆட்டத்தில் ஒரு கொரியரைத் தோற்கடித்து ஜெயித்தார். அன்றைக்கு அப்பா யாருக்கும் சொல்லாமல் அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். வந்து டிவிக்கு முன்னால் உட்கார்ந்தவர் இரவு சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

இதில் ஒரு கொக்கி இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். தொழில்முறைக்குப் போன அன்றே அந்தப் பையனுக்கு அமெச்சூர் அணியின் கதவு சாத்திக்கொள்கிறது. விதி அப்படி, அதில் தப்பு சொல்லவில்லை. ஆனால் முன்பக்கமாக நுழைய கிளப் கார்டு இல்லை. பக்கவாட்டில் சோறு தேடிப் போனால் இந்தக் கதவு மூடிவிடுகிறது. நாட்டின் பேரில் அணியாக ஆடுவது என்ற ஒன்றே இந்தப் பிள்ளைகளுக்கு இல்லாமல் போகிறது.

நடுவில் ஒருவர் வந்தாரே என்பீர்கள். ஆமாம், சிக்கரங்கப்பா வந்தார். பிடதிப் பக்கத்துக் கிராமத்துப் பையன். சின்ன வயதில் மைதானத்தில் வேலைக்கு வந்து, அங்கேயே ஆடக் கற்று, அமெச்சூராகப் பேர் வாங்கி, அப்புறம்தான் தொழில்முறைக்குப் போனார். அவர் வர முடிந்தது ஏன்? அந்த மைதானத்தில் சிலர் இந்தப் பையன் ஆடட்டும் என்று வழிவிட்டார்கள். ஒருத்தர் மனசு வைத்தால் ஒரு பையன் வருகிறான். மனசு வைக்கும் ஆள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டால்?

அதிதி அசோக்கின் கதையும் எங்கள் ஊர்க் கதைதான். ஐந்து வயதில் குடும்பத்தோடு காலைச் சிற்றுண்டி சாப்பிடப் போன இடத்திலிருந்து மைதானத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவரைவிட ஒரே ஓர் அடி அதிகமாகி நாலாவது வந்தார். எங்கள் வீட்டில் அதைவிட அதிகமாகப் பேசியது அவருக்கு அங்கே கேடியாக இருந்தது அவர் அம்மா என்பதைத்தான். அதற்கு முன் ரியோவில் அப்பா. "பாத்தியா, ஒலிம்பிக்ல அம்மாவே பேக் தூக்குறா" என்று என் தங்கை தன் மகளிடம் சொன்னாள். அந்தப் பெண் அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். என் தங்கை மகள், வயது பதின்மூன்று. எங்கள் பக்கத்து மைதானம் ஒன்றில் திங்கட்கிழமை மெம்பர்களுக்கு ஆட்டம் இல்லை. புல் வெட்டி, மண் தூவி, தண்ணீர் விடும் நாள். வேலை முடிந்த ஹோல்களில் கேடிகள் ஆடிக்கொள்ளலாம். பல ஊர்களில் இந்த வழக்கம் உண்டு. என் மருமகள் பள்ளிக்கூட லீவில் வருகிற திங்கட்கிழமைகளில் தாத்தாவோடு போவாள். யாரோ ஒரு மெம்பர் வேண்டாமென்று கொடுத்த ஸ்டிக்குகளை அப்பா பிடிக்குக் கீழே அறுத்து, பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் முதல் ஹோலைத் தொடங்குவதற்கு முன்னால் பேக்கைத் திறந்து ஒன்று, இரண்டு என்று தொட்டுத் தொட்டு எண்ணுவார். பதினாலுக்கு மேல் ஸ்டிக் இருந்தால் அபராத அடி விழும் என்பது விதி. அவளிடம் இருப்பதே ஏழு. ஆனாலும் எண்ணுவார். நாற்பத்திரண்டு வருஷப் பழக்கம், கை தானாகப் போகிறது.

போன கோடை லீவில் மூன்று திங்கட்கிழமை முழுசாகப் பதினெட்டு ஹோல் ஆடினாள். 88, 85, 83. மூன்றாவது கார்டில் பதினாலாவது ஹோலில் 5 என்று எழுதி அடித்து 6 ஆக்கியிருக்கிறது. பந்துக்குப் பக்கத்தில் கிடந்த காய்ந்த இலையை எடுத்தாளாம், பந்து ஒரு விரல் நகர்ந்துவிட்டது. தாத்தா அப்போது பங்கரில், அதாவது மணல் குழியில், மணலைச் சமன்படுத்திக்கொண்டிருந்தார். வேறு யாரும் பார்க்கவில்லை. இவளே பந்தைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, ஹோல் முடிந்ததும் "தாத்தா, ஒண்ணு சேத்துக்கோ" என்றிருக்கிறாள். அப்பா ஏன் என்று கேட்டுவிட்டு, வேறொன்றும் பேசாமல் 5ஐ அடித்து 6 எழுதி, பக்கத்தில் சின்னதாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார். அந்த இடத்தில் பென்சில் முனை அழுத்திக் கார்டு கொஞ்சம் கிழிந்திருக்கிறது. மூன்று கார்டுகளும் ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையில் பீரோவில் இருக்கின்றன.

ஜூனியர் போட்டி ஒன்று வந்தது. எங்கே, யார் நடத்தியது என்று சொல்லப்போவதில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. நானும் அவளும் படிவம் வாங்கப் போனோம். பேர், பிறந்த தேதி எழுதினாள். அடுத்த கட்டம், கிளப். என்னைப் பார்த்தாள். அவள் ஆடுகிற மைதானத்தின் பேரை எழுதச் சொன்னேன். அடுத்தது ஹேண்டிகேப். அங்கே ஒரு கோடு போட்டாள். கவுண்டரில் இருந்தவர் நல்ல மனுஷன், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டவர். படிவத்தைப் பார்த்து, "அப்பா மெம்பரா? தாத்தா மெம்பரா?" என்றார். அவள் கன்னடத்தில், "தாத்தா கேடி, சார்" என்றாள். அவர் படிவத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "அடுத்த வருஷம் பாக்கலாம் புட்டி" என்றார். கன்னடத்தில் புட்டி என்றால் சின்னப் பெண். அடுத்த வருஷம் எது மாறும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வெளியே வந்து கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "மாமா, அந்தக் கோடு போட்ட இடத்துல 54னு எழுதியிருக்கலாமா?" என்றாள்.

அவள் கேட்டதில் விஷயம் இருக்கிறது. 2020ல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் 54 என்பது இரண்டு இடத்தில் வருகிறது. ஹேண்டிகேப்பின் உச்ச அளவு 54. புதிதாக ஒருவருக்கு ஹேண்டிகேப் கொடுக்கத் தேவையான ஹோல்களின் எண்ணிக்கையும் 54. மூன்று முறை பதினெட்டு. விதிப்படி ஆடியிருக்கவேண்டும், கூட இருந்த ஒருவர் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போடவேண்டும். பீரோவில் இருக்கும் பிளாஸ்டிக் உறையில் மிகச் சரியாக 54 ஹோல் இருக்கிறது. சாட்சியும் இருக்கிறார். இந்த நாட்டில் அடுத்தவர் அடித்த அடியை எண்ணுவதில் கேடியைவிடத் தேர்ந்த ஆள் யாராவது உண்டா? எத்தனை பெரிய மனுஷர்களின் ஆறை ஆறாகவே மனசில் வைத்துக்கொண்டு, அவர் வாய்விட்டுச் சொன்ன ஐந்தைக் கார்டில் எழுதியவர்கள் இவர்கள்! (இதை எழுதியதற்கு அப்பா திட்டுவார். பரவாயில்லை.)

குறைவது ஒன்றுதான். அந்தக் கார்டுகளை வாங்கிக்கொண்டு நம்பர் கொடுக்க ஒரு கிளப்.

நான் கேட்பது இதுதான். எந்தக் கிளப்பிலும் மெம்பராக இல்லாதவர்களுக்கு, முதலில் கேடிகளுக்கும் மைதானத் தொழிலாளர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும், யூனியனே நேரடியாக ஹேண்டிகேப் நம்பர் கொடுங்கள். இது நான் கற்பனையில் கேட்பதல்ல. இங்கிலாந்தில் 2021லேயே ஐகோல்ஃப் என்று ஒரு திட்டம் தொடங்கி, கிளப் இல்லாமல் ஆடுகிறவர்களுக்கு அந்த நாட்டுச் சங்கமே நம்பர் கொடுக்கிறது. மெம்பர்ஷிப் என்ற சாமானைக் கண்டுபிடித்து நமக்குக் கொடுத்துவிட்டுப் போனவர்களே இறங்கி வந்துவிட்டார்கள்.

வழி ஏற்கெனவே இருக்கிறது என்று நீங்கள் சொல்வதாக இருந்தால், ரொம்ப நல்லது. அதைக் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் ஒரு தாளில் அச்சடித்து, ஒவ்வொரு மைதானத்திலும் கேடி ரூம் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். நோட்டீஸ் போர்டு மெம்பர்கள் பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் அந்த வராந்தா பக்கம் போவதில்லை.

மறுப்பு வரும் என்று தெரியும். கமிட்டிக் கூட்டங்களில் என்ன பேசுவார்கள் என்பது ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கும். இன்றைக்கு நம்பர் கேட்பார்கள், நாளைக்கு மெம்பர்ஷிப் கேட்பார்கள் என்பார்கள். கேட்க மாட்டோம். அந்த பார் பில்லை நினைத்தாலே தலை சுற்றுகிறது. அமெச்சூர் விதிக்கு இடைஞ்சல் வரும் என்பார்கள். வராது. 2022ல் அமெச்சூர் விதிகளைத் தளர்த்திவிட்டார்களே. விளம்பரதாரர் உதவி வாங்குவதற்கு இருந்த கட்டுப்பாடுகள் போய்விட்டன. யாராவது ஒரு கம்பெனி அவளுக்கு ரயில் டிக்கெட்டும் ஒரு ஜோடி ஷூவும் வாங்கிக் கொடுத்தால் அவள் அமெச்சூராகவே இருப்பாள். ஆனால் எந்தக் கம்பெனியும் நம்பர் இல்லாத பெண்ணைத் தேடி மர்ஃபி டவுனுக்கு வராது.

கேடிகள் ஆட ஆரம்பித்தால் பேக் யார் தூக்குவது என்றுகூட ஒருவர் ஒருமுறை கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார் என்று வைத்துக்கொள்கிறேன்.

1982 டெல்லி ஆசிய விளையாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கோல்ஃப் அங்கேதான் முதன்முதலாக ஆசிய விளையாட்டில் சேர்ந்தது. டெல்லி கோல்ஃப் கிளப்பில், பழைய கல்லறை மண்டபங்களுக்கு நடுவே. லக்ஷ்மண் சிங், ராஜீவ் மோதா, ரிஷி நாராயண், அமித் லூத்ரா ஆடிய அணிக்குத் தங்கம். தனிநபர் தங்கம் லக்ஷ்மண் சிங்குக்கு, வெள்ளி மோதாவுக்கு. அப்பா இன்றைக்கும் அந்த நாலு பேரையும் வரிசையாகச் சொல்வார். ஒரு நாட்டின் அணி என்றால் கேடி ரூமிலும் பேர் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். இப்போதைய அணியில் யார் யார் என்று அதே ரூமில் கேட்டுப் பாருங்கள். ஐபிஎல்லில் பெங்களூரு அணியின் பதினைந்து பேரைச் சொல்வார்கள், இதில் ஒருவரைச் சொல்லத் தெரியாது. தங்கள் வீட்டுப் பிள்ளை போக முடியாத இடத்தைப் பற்றி யாரும் அவ்வளவாக விசாரிப்பதில்லை.

1958லிருந்து இந்த உலகப் போட்டி ஜப்பான், ஹாங்காங், மணிலா, மலேசியா என்று ஆசியாவில் பல இடங்களுக்கு வந்துவிட்டது. இந்தியாவில் நடந்ததே இல்லை. ஒரு நாள் இங்கே நடத்தவேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருக்கும், எனக்கும் இருக்கிறது. கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதையாகிவிடும் என்று எங்கள் கடை முதலாளி சொல்கிறார். அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார். நடத்துங்கள். எத்தனை நாட்டுப் பிள்ளைகள் வந்தாலும் அத்தனை பேருக்கும் பேக் தூக்க எங்கள் ஆட்கள் தயார். குழியைச் சுற்றியுள்ள கிரீனில் புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லப்போவதும் எங்கள் ஆட்கள்தான். அந்த வருஷம் இந்தியாவின் மூன்று பேரில் ஒருவருக்கு, பேக் தூக்கிக்கொண்டு கூட நடப்பவர் உண்மையிலேயே அவருடைய அப்பாவோ சித்தப்பாவோ ஆக இருந்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். அவருடைய கார்டு அன்றைக்கு விட்டுப்போகிற மூன்றாவது கார்டாக இருந்தாலும் சரி.

மூன்று கார்டுகளின் நகலை இந்த மடலோடு அனுப்பவில்லை. அப்பா பீரோச் சாவியைத் தர மறுக்கிறார், ஆபீஸில் தொலைத்துவிடுவார்களாம். யாராவது நேரில் வந்தால் காட்டுவார். திங்கட்கிழமை காலை ஆறரைக்குள் வரவேண்டும், அதற்கு மேல் தண்ணீர் லாரி உள்ளே வந்துவிடும். மார்ச்சில் மட்டும் வேண்டாம், அவளுக்குப் பரீட்சை.

இப்படிக்கு,
ஒரு கேடியின் மகன்,
மர்ஃபி டவுன், பெங்களூரு.

பி.கு.: அப்பா இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஓர் இடத்தில் நிறுத்தினார். ஏழு ஸ்டிக் இல்லையாம், எட்டாம். போன வாரம் ஒரு பழைய புட்டர், பந்தைக் குழிக்குள் உருட்டும் ஸ்டிக், கிடைத்திருக்கிறது.